பெட்டியின் இரண்டாம் அடித்தட்டு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பம் வட்டாரத்தில் இருக்கிறது சாந்திபுரம். ஒரு பக்கம் தமிழகம், இன்னொரு பக்கம் கர்நாடகம். சந்தையில் மூன்று மொழிகளும் கலந்து ஒலிக்கும் நிலம். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி வட ஆற்காட்டின் பகுதியாகவும், கங்குந்தி ஜமீனை உள்ளடக்கியதாகவும் இருந்தது. அதற்கும் முன்னால் இது பாளையக்காரர் நிலம். பங்காரி, எதமரி, நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா எனச் சித்தூரைச் சுற்றியிருந்த பாளையங்களில் வேலும் வாளும் நாட்டுத் துப்பாக்கியும் ஒளித்து வைக்கும் பொருள்களல்ல. காவல் உரிமை உடையவன் அவற்றை ஊரறியத் தோளில் சுமந்தான். சுமப்பதே உரிமையின் அடையாளம். துப்பாக்கியை எதில் மறைத்து எடுத்துச் செல்வது என்ற கேள்வியே அன்று எழுந்திருக்காது.

அக்கேள்வி எழுந்தது சட்டத்தால். 1801இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் அறிவிப்பைச் சென்னை அரசு வெளியிட்டது. 1804, 1805இல் சித்தூர்ப் பாளையங்களில் எழுந்த கிளர்ச்சியும் படைகொண்டு அடக்கப்பட்டது. ஆயினும் இவை போருக்குப் பின் வந்த அடக்குமுறைகள். நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறை அல்ல. ஒவ்வொரு இந்தியனின் மூட்டையையும் ஐயத்துக்குரிய பொருளாக்கியது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே. லிட்டன் பிரபு ஆட்சியில், தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்த அதே ஆண்டில் இதுவும் வந்தது.

அந்தச் சட்டத்தில் வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் ஒரு நுட்பம் உண்டு. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு 19ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. அதே குற்றத்தை அரசு ஊழியர் எவரும் அறியக்கூடாது என்ற எண்ணம் வெளிப்படும் வகையில் செய்தால், 20ஆம் பிரிவின்படி தண்டனை ஏழாண்டு வரை நீளும். சோதனையின்போது மறைப்பதும் மறைக்க முயல்வதும் அப்பிரிவுக்குள்ளேயே அடங்கும். ஆயுதத்தைவிட மறைப்பே பெருங்குற்றம் என்பதே இதன் பொருள். துப்பாக்கியின் உறையும், அது கிடந்த பெட்டியின் அமைப்பும், பெட்டிமேல் அடுக்கியிருந்த துணியும் இவ்வாறு நீதிமன்றச் சான்றுகளாயின. காலனியக் காவல்துறை ஆவணங்களில் பெட்டிகளைப் பற்றிய விவரணை இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு எழுத்தரின் ஆர்வம் காரணமல்ல. சட்டம் அதைக் கேட்டது.

இன்னொரு கூறும் உண்டு. இச்சட்டத்தின்கீழ் வந்த விதிகள் ஐரோப்பியர்க்கும் அவரோடு வகைப்படுத்தப்பட்ட சிலருக்கும் விலக்களித்தன. ஆகவே வெள்ளைக்காரரின் துப்பாக்கிப் பெட்டி தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது. தேக்கு அல்லது ஓக் மரச் சட்டம், மேலே தோல், மூலைகளில் பித்தளை, மூடியின் உட்புறம் லண்டன் கம்பெனியின் முத்திரைச் சீட்டு, உள்ளே துப்பாக்கியின் வடிவத்துக்கே வெட்டிய கம்பளி மெத்தை. ரயிலில் முதல் வகுப்பு இருக்கையின்கீழ் அது பெருமையுடன் கிடக்கும். இந்தியரின் பெட்டியோ, தான் என்னவோ அதுவல்ல என்று காட்டியாக வேண்டும். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாட்டில் ஆயுதச் சட்டத்தின் கடுமையைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் வந்தபோது, அக்கோரிக்கையின் அடியில் இருந்ததும் இந்த அவமதிப்பே. துப்பாக்கி வேண்டும் என்பதைவிட, நம்பத் தகாதவர் என்று ஒரு மக்கள்திரளையே சட்டம் முத்திரையிட்டதுதான் படித்த வகுப்பாரைச் சுட்டது.

இனி அந்தப் பெட்டிகளுக்கு வரலாம்.

1909 தொடக்கத்தில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு பெட்டி வந்தது. அதன் உரிமையாளர் சதுர்புஜ் அமீன். லண்டன் ஹைகேட்டில் இருந்த இந்தியா ஹவுஸ் விடுதியில் சமையற்காரராக இருந்தவர். பெட்டிக்கு இரண்டு அடித்தட்டுகள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே இருபது பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. அவற்றைப் பாரிசில் வாங்கி அனுப்பியவர் வி. தா. சாவர்க்கர் என்று 1918இன் ரௌலட் குழு அறிக்கை பதிவுசெய்கிறது.

இப்பெட்டியைச் சற்று நின்று நோக்குவது தகும். ஏன் பிரவுனிங்? அதுவரை இந்தியாவில் பரவலாகத் தெரிந்த கைத்துப்பாக்கி ரிவால்வர். ரிவால்வரின் நடுவே உருளை புடைத்து நிற்கும். எத்தனை துணி சுற்றினாலும் அப்புடைப்பு போகாது. அமெரிக்கர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட புதிய துப்பாக்கியோ தட்டையானது. அதன் 1900ஆம் ஆண்டு மாடல் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம், அறுநூற்றுச் சொச்சம் கிராம் எடை. அளவில் ஒரு சிறு நூல். ஐரோப்பாவில் அது பெருமளவில் விற்றதற்கு இத்தட்டையான உடலும் ஒரு காரணம். கோட்டுப் பைக்குள் நழுவிவிடும். தட்டையான பொருளே இரட்டை அடித்தட்டுக்குப் பொருந்தும். தொழிற்சாலைப் பொறியாளரின் வடிவமைப்பும் பெட்டித் தச்சரின் வேலையும் இங்கு ஒன்றையொன்று சந்திக்கின்றன.

ஆனால் இருபது துப்பாக்கிகள் என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், தோட்டாக்கள் தனி. பெட்டிக்குள் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்த பின்னும் பெட்டி கனக்கும். கண்ணை ஏமாற்றும் அடித்தட்டு கையை ஏமாற்றாது. சுங்க அலுவலர் எவரேனும் வெற்றுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் நாசிக் சதி வழக்கின் போக்கே மாறியிருக்கும். யாரும் தூக்கவில்லை. ஏன் என்பதற்கு விடை பெட்டியில் இல்லை; பெட்டிக்காரரிடம் இருக்கிறது. 1909இல் லண்டனிலிருந்து திரும்பும் சட்ட மாணவன் என்றால் ஒற்றர்களின் கண் அவன்மேல் விழும். இந்தியா ஹவுசில் தங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஸ்காட்லாந்துயார்டின் கையில் இருந்தது. சமையற்காரர் பட்டியல்களின் ஓரத்தில் வருபவர். அவருடைய பெட்டியில் அரிவாள்மணையும் பழந்துணியும் அல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அதிகாரம் எண்ணும். ஒளித்த இடம் அடித்தட்டு மட்டுமன்று. ஒரு மனிதரின் வகுப்புநிலையுந்தான்.

1909 டிசம்பர் 21 இரவு நாசிக் விஜயானந்த் நாடக அரங்கில் ஆட்சியர் ஜாக்சனை அனந்த் கான்ஹேரே சுட்டார். கையிலிருந்தது அந்த இருபதில் ஒன்று. கான்ஹேரேயும் கார்வே, தேஷ்பாண்டே இருவரும் 1910 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டனர். சாவர்க்கருக்கு இரட்டை ஆயுள். சதுர்புஜ் அமீன் அப்ரூவராகி அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். தேசிய வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் துரோகி என்ற ஒரு சொல் மட்டுமே. அச்சொல் அவசரமானது. முழுத் தண்டனைக்குரிய சுமையைக் கடலின் குறுக்கே கொண்டுவந்தவர் அவர். அந்தச் சுமையின் அரசியலில் அவருக்கு எவ்வளவு பங்கு இருந்தது, எவ்வளவு வெறும் கூலிப் பங்கு என்ற கேள்வியை வழக்காவணங்கள் கேட்கவில்லை, பின்வந்தவர்களும் கேட்கவில்லை. சுமப்பவரை வரலாறு எப்போதும் பெட்டியின் ஒரு பகுதியாகவே எண்ணிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இக்கதை வ. வே. சு. ஐயர் வழியாக வருகிறது. லண்டனில் சாவர்க்கரின் நெருங்கிய தோழரான ஐயர், பிடியாணைக்குத் தப்பி, மாறுவேடத்தில் கடல்கடந்து 1910இல் புதுச்சேரி சேர்ந்தார். அப்பயணத்தைப் பற்றி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் பல வடிவங்களில் வழங்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. சீக்கியர் போல் தாடியும் தலைப்பாகையுமாகச் சென்றவரின் பெட்டியில் வி.வி.எஸ். என்ற ஆங்கில முதலெழுத்துகள் இருந்தனவாம். ஐயுற்று வந்த ஒற்றனிடம் அவ்வெழுத்துகளை ‘வீர விக்ரம சிங்’ என்று விரித்துச் சொல்லித் தப்பினாராம். நிகழ்ச்சி முழுதும் உண்மையோ, சொல்லச் சொல்ல மெருகேறியதோ, அதன் உட்பொருள் மெய். பெட்டிக்குள் இருப்பதைவிடப் பெட்டிமேல் எழுதியிருப்பது ஆளைக் காட்டிக்கொடுக்கும். தாடியை மாற்றத் தெரிந்தவருக்குப் பெட்டியை மாற்றத் தோன்றவில்லை என்பதும் மனித இயல்பே.

புதுச்சேரி ஏன் என்பதற்கு விடை எளிது. அது பிரெஞ்சு மண். 1878இன் சட்டம் அங்கே செல்லாது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்த இத்தகைய சிறு நிலத்துண்டுகள் அனைத்தும் சட்டத்தின் துணியில் விழுந்த ஓட்டைகளாயின. வங்காளத்தில் சந்தன்நகர் இதே வேலையைச் செய்தது. அங்கு ஆயுத இறக்குமதிக்குத் தடைபோட முனைந்த மேயர் தார்திவேலின் வீட்டில் 1908 ஏப்ரலில் குண்டு வீசப்பட்டது. குப்பத்தை ஒட்டிய மைசூர் எல்லையும், செங்கோட்டையை ஒட்டிய திருவிதாங்கூர் எல்லையும் வேறு வகை எல்லைகள், அவை சமஸ்தானங்கள். ஆனால் ஒரு சட்டம் முடிந்து வேறொன்று தொடங்கும் கோடு என்ற அளவில் அவையும் மூட்டை முடிச்சுகள் அவிழ்க்கப்படும் இடங்களே. எல்லை ஊர்களில் வளர்ந்தவர்க்குச் சோதனைச்சாவடி என்பது என்ன, எந்த மூட்டையை அவிழ்ப்பார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்ற அறிவு எழுத்தறிவுக்கு முன்பே வந்துவிடும்.

செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறைப் பணியில் இருந்தவர். 1911 ஜூன் 17 முற்பகலில் மணியாச்சி சந்திப்பில், கொடைக்கானலுக்குப் புறப்பட்ட திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரை தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி ஒரு பிரவுனிங் துப்பாக்கியால் சுட்டார். பின் நிலையத்துக் கழிப்பறைக்குள் சென்று தம்மையே சுட்டுக்கொண்டார். உடன்வந்த இளைஞர் தப்பியோடினார். வாஞ்சியின் சட்டைப்பையில் கடிதம் ஒன்று இருந்தது. விசாரணையில் நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய பதினான்கு பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். பயிற்சியும் துப்பாக்கியும் புதுச்சேரியில் ஐயரிடமிருந்தே வந்தன என்பது அரசுத் தரப்பின் கருத்து. பின்னாளைய நினைவுக்குறிப்புகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது, எந்தப் பெட்டியும் இல்லை என்பதே. அவ்வளவு தொலைவைக் கடந்த கருவிக்கு இறுதி உறை, நன்கு உடுத்திய ஒரு பிராமண இளைஞரின் ஆடை. முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கும்போது மேடையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. குடுமியும் நேர்த்தியான உடையும் அரசாங்க உத்தியோகத்தின் தோற்றமும் உடையவர் துரையிடம் மனுவோ வணக்கமோ கொண்டுவருபவராகவே கண்ணுக்குப்பட்டிருப்பார். அதே மேடையில் ஓர் ஒடுக்கப்பட்ட சாதிக் கூலித் தொழிலாளி அந்தப் பெட்டியின் கதவருகே அவ்வாறு சென்றிருக்க முடியுமா? தீவிரவாத இயக்கத்தின் முதற்கட்டம் ஏன் பெரும்பாலும் மேல்சாதி இளைஞர்களால் ஆனது என்பதற்குக் கருத்தியல் காரணங்கள் பல சொல்லப்பட்டுள்ளன. வாஞ்சியின் கடிதமே தன் சாதியுணர்வையும் சனாதனப் பற்றையும் ஒளிக்கவில்லை. ஆனால் நடமாடும் உரிமை என்ற இந்தச் சாதாரணக் காரணமும் அவற்றோடு சேர வேண்டியது. சந்தேகப்படாமல் இருப்பதும் ஒரு சாதிச் சலுகை.

ஆஷ் கொலைக்குப் பின் புதுச்சேரியைச் சுற்றி உளவுவலை இறுகியது. ரயில் பயணிகளின் சாமான்கள், அஞ்சல், பாரதியின் வீட்டு வாசல் எல்லாம் கண்காணிப்பில். இக்காலத்தில் நடந்த ஒன்று பெட்டி வரலாற்றைத் தலைகீழாக்குகிறது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி அகப்பட்டது. உள்ளே அரசுக்கு எதிரான தாள்களும் காளி உருவமும். அவர்கள் போட்டதல்ல, அவர்களைச் சிக்கவைக்க ஒற்றர் தரப்பு போட்டது. அரவிந்தரைக் கலந்துகொண்டு, பாரதி முதலியோர் தாமே பிரெஞ்சுக் காவல்துறையிடம் செய்தியைச் சொல்லிவிட்டனர். சோதனைக்கு வந்த நீதிபதி அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு மதிப்போடு திரும்பினார் என்பது புதுச்சேரிக் கதைகளுள் புகழ்பெற்றது. மறைப்பே குற்றம் என்று சட்டம் சொல்லுமானால், குற்றத்தை உண்டாக்க மறைவிடம் ஒன்றை உண்டாக்கினால் போதும். அந்த ஜாடி 20ஆம் பிரிவின் தருக்கத்திலிருந்து நேராகப் பிறந்த குழந்தை. சோதனையில் ‘கண்டெடுக்கப்பட்ட’ பொருள்களின் பட்டியலைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதை எழுதியவர் யார், சாட்சிக் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருப்பது இதனாலேயே.

மறைப்பின் வரலாற்றில் உச்சம் என்று சொல்லத்தக்கது கல்கத்தாவில் நடந்தது. அதில் மறைப்பே இல்லை என்பதுதான் வியப்பு. 1914 ஆகஸ்டு 26. ஆர். பி. ரோடா கம்பெனி என்னும் ஐரோப்பியத் துப்பாக்கி வணிக நிறுவனத்துக்கு டாக்டீஷியன் என்ற கப்பலில் 202 பெட்டிகள் வந்திருந்தன. சுங்கத்திலிருந்து அவற்றை எடுத்துவரும் பொறுப்பு ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்ற எழுத்தருடையது. நண்பர்களுக்கு அவர் ஹாபு. 192 பெட்டிகளை அவர் கம்பெனிக் கிடங்கில் சேர்த்தார். மீதிப் பத்துப் பெட்டிகள் ஏற்றிய மாட்டுவண்டி வேறு தெருவுக்குத் திரும்பியது. அவ்வண்டியை ஓட்டியவர் ஹரிதாஸ் தத்தா. வண்டிக்காரர் வேடத்தில் இருந்த புரட்சியாளர். பத்துப் பெட்டிகளில் இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள்.

இரட்டை அடித்தட்டு இல்லை, போலிப் பெயர் இல்லை, இருட்டு இல்லை. பட்டப்பகலில், கம்பெனி முத்திரையிட்ட பெட்டிகள், முறையான சுங்கத் தாள்களுடன், நகரின் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஒன்றாகச் சென்றன. மாட்டுவண்டியை யார் நிறுத்திக் கேட்பார்? அமீனின் பெட்டி ஐரோப்பியத் தச்சு வேலையை நம்பியது. ஹாபுவின் பெட்டிகள் ஐரோப்பியக் கம்பெனியின் பெயரை நம்பின. இரண்டாவதே உறுதியான உறை. எழுத்தராக நெடுநாள் உழைத்து, மேலதிகாரிகளின் நம்பிக்கையைப் பெற்று, எந்தத் தாளில் எந்த முத்திரை விழவேண்டும் என்று அறிந்தவர் மட்டுமே அதைச் செய்திருக்க முடியும். பெட்டிகள் குறைந்தன என்பது கம்பெனிக்குத் தெரியவே சில நாள்கள் ஆயின. ஹாபு தலைமறைவானார், பின் ஒருபோதும் வெளிப்படவில்லை.

அந்த மவுசர்களின் உறையைப் பற்றி ரௌலட் அறிக்கை தனியாக ஒரு குறிப்பு எழுதியிருப்பது தற்செயலன்று. மவுசருடன் வந்த உறை குடைந்த மரத்தால் ஆனது. துப்பாக்கியை வெளியே எடுத்து, அவ்வுறையையே கைப்பிடியின் பின்புறம் மாட்டினால், அது தோளில் தாங்கிச் சுடும் கட்டையாகிவிடும். கைத்துப்பாக்கி சிறு ரைபிளாகிவிடும். உறையே ஆயுதத்தின் பாதி. வைத்திருக்கும் கலத்தையும் வைக்கப்பட்ட பொருளையும் சட்டம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மானியத் தொழிற்சாலை ஒன்று அவ்வேறுபாட்டையே அழித்திருந்தது.

ஐம்பதில் 44 உடனடியாக ஒன்பது குழுக்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 கொள்ளை, கொலை, கொலை முயற்சி நிகழ்வுகளில் அவை பயன்பட்டன என்றும் அவ்வறிக்கை கணக்கிடுகிறது. 31 துப்பாக்கிகள் மீட்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை எண் பொறிக்கப்பட்டிருந்தது. எண்களின் பட்டியல் கம்பெனியிடம் இருந்தது. ஆகவே எத்தனை கைமாறினாலும், எத்தனை பானைக்குள்ளும் பரணிலும் கிடந்தாலும், பிடிபட்ட நாளில் அது தன் பிறப்பைச் சொல்லிவிடும். முறையான தாள்களால் கிடைத்த பொருளுக்கு முறையான தாள்களே எமனாயின.

1915 செப்டம்பரில் ஒரிசாவின் பாலசோர் அருகே ஜதீந்திரநாத் முகர்ஜியும் தோழர் நால்வரும் இறுதியாகப் போரிட்டபோதும் கையில் மவுசர்களே. அவர்களைக் காட்டிக்கொடுத்தது சுங்கமோ ஒற்றனோ மட்டுமல்ல. அறிமுகமற்ற ஐந்து இளைஞர்கள் வயல்வெளியைக் கடந்து செல்வதைக் கண்ட கிராமத்தார் அவர்களைக் கொள்ளையர் என்று எண்ணித் துரத்தினர். அத்துரத்தலில் கிராமத்தான் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். யாருக்காகப் போராடுவதாக எண்ணினார்களோ அவர்களில் ஒருவன். அதிகாரியின் கண்ணுக்குப் பழகிப்போன தோற்றம் உழவனின் கண்ணுக்குப் பழகியதன்று. கல்கத்தாத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத பத்ரலோக் இளைஞன், நெல்வயலின் வரப்பில் எவ்வளவு அந்நியன் என்பதை அந்தச் சாவு சொல்கிறது. தியாகச் சரித்திரங்களில் இம்மனிதன் ஒரு வரியில் கடந்துவிடுகிறான், அந்த ஒரு வரியும் இருந்தால்.

பீர்பூம் மாவட்டத்தில் துகடிபாலா தேவி என்ற கிராமத்துப் பெண்மணியின் வீட்டில் 1917 ஜனவரியில் போலீசார் சோதனையிட்டு, அதே ஐம்பதைச் சேர்ந்த ஏழு மவுசர்களைக் கைப்பற்றினர். உறவுமுறை மருமகன் நிபாரண் கடக் கொண்டுவந்து கொடுத்தவை அவை. கொடுத்தவர் பெயரைச் சொல்ல அவர் மறுத்தார். இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுச் சிறை சென்றார். ஆயுதச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவர் குறிக்கப்படுகிறார். அந்தப்புரத்தின் பெட்டி பரணை அந்நிய ஆண் தொடமாட்டான் என்ற வழக்கம் அதுவரை ஒரு பாதுகாப்பாக இருந்தது. அவருக்குப் பின் அப்பாதுகாப்பு தேய்ந்தது. 1930களில் கல்கத்தாவின் மகளிர் விடுதிகளும் கல்லூரி மாணவிகளும் கண்காணிப்புக்குள் வந்தனர். 1932 பிப்ரவரியில் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்தில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி வீணா தாஸ் சுட்டதும் அதற்கு ஒரு காரணம். துப்பாக்கியை அவருக்கு ஏற்பாடு செய்து தந்த கமலா தாஸ்குப்தாவும் பெண்ணே.

சுமப்பவர் கதையில் வடக்கிலிருந்து ஒரு காட்சி மட்டும் இங்கு வேண்டும். 1928 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலைக்குப் பின் லாகூர் ரயில்நிலையம் போலீசால் நிரம்பியிருந்தது. பகத்சிங் தாடியும் தலைமுடியும் நீக்கி, தொப்பியும் மேல்கோட்டும் அணிந்து, துர்காதேவி வோராவைத் தம் மனைவியாகவும் அவர் குழந்தையைத் தம் குழந்தையாகவும் கொண்டு, துரைத்தனத்துடன் ரயிலேறினார். கோட்டுக்குள் நிரப்பிய துப்பாக்கி. பின்னால் சாமான்களைச் சுமந்து வேலைக்காரராக வந்தவர் ராஜகுரு. சாண்டர்சை முதலில் சுட்டவர் ராஜகுருவே. தேடப்படுபவரின் தலையில் மூட்டை ஏறியதும் அவர் முகம் காணாமற்போனது. சதுர்புஜ் அமீனுக்கு வாழ்நாளெல்லாம் இருந்த அந்த மறைவை ராஜகுரு ஒரு பயணத்துக்கு மட்டும் உடுத்திக்கொண்டார்.

ஆயுத விதிகளில் இருந்த வெளிப்படையான இனவேறுபாடு 1920இல் நீக்கப்பட்டது. சட்டம் மட்டும் விடுதலைக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, 1959இல் புதிய ஆயுதச் சட்டத்துக்கு இடம்கொடுத்தது. அதன்கீழ் 2016இல் வந்த விதிகளில் ஒன்று இந்த வரலாற்றைப் படித்தவர்க்குச் சிறு புன்னகையைத் தரும். உரிமம் பெற்றவர் பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்லும்போது அதற்கென்று அமைந்த உறையில் வைத்து, முழுவதும் மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். 1878இல் மறைப்பது ஏழாண்டுச் சிறை. இன்று மூடாமல் செல்வது விதிமீறல். சட்டத்தின் அச்சம் இடம் மாறியிருக்கிறது. அன்று அரசு காணாத துப்பாக்கிக்கு அரசு அஞ்சியது. இன்று மக்கள் காணும் துப்பாக்கி மக்களை அச்சுறுத்தும் என்று விதி கருதுகிறது. துப்பாக்கி உரிமம் அரசின் ஏட்டில் இருக்கிறது, ஆகவே அரசு பார்க்க வேண்டிய தேவை இல்லை. திருமண ஊர்வலத்திலும் அரசியல் கூட்டத்திலும் தோளில் மாட்டிக் காட்டப்படும் துப்பாக்கி, பாளையக்காரன் காலத்து உரிமை அடையாளத்தின் எச்சம் என்று கொண்டால், விதி மூடச் சொல்வது அந்த அடையாளத்தைத்தான்.

தேர்தல் அறிவிக்கப்படும்போது உரிமத் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் நாடெங்கும் உண்டு. குப்பம் தொகுதிக்கு உட்பட்ட சாந்திபுரத்துக்கும் அது பொருந்தும். காட்டுப்பன்றியிடமிருந்து நிலக்கடலையைக் காக்க உரிமம் வாங்கிய உழவர்க்கு லண்டன் தோல்பெட்டி இராது. பழைய வேட்டியிலோ உரச்சாக்கிலோ சுற்றிப் பேருந்தில் காலிடையே நிறுத்திக்கொண்டு போகலாம். நிலையத்தில் எழுத்தர் சுற்றை அவிழ்த்து, எண்ணைப் பார்த்து, ஏட்டில் எழுதிக்கொண்டு ரசீது கொடுப்பார். சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பலாம். சாக்குக்கு ரசீது இல்லை.